ரப்பர் வட்டுக் கைப்பிடி

வெண்டெல் லிண்ட்குவிஸ்டை இந்த ஊருக்குச் சிபாரிசு செய்தவள் நான்தான். யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை, நானாகவே சொன்னேன், அதுவும் வாய் வலிக்க வலிக்கச் சொன்னேன். பார்லர் நடத்துகிறவளின் வாய்க்கு ஓய்வு ஏது? தலை என் கையில் இருக்கும்வரை யாரும் எழுந்து ஓட முடியாது. "உங்க வீட்டு ஃபர்னஸ் எப்படி ஓடுது?" என்று கேட்பேன். "கொஞ்சம் சத்தம் போடுது வெர்னா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். வெண்டெலின் போன் நம்பரைக் கையில் திணித்துத்தான் அனுப்புவேன்.

மினசோட்டாவில் ஃபர்னஸ் இல்லாமல் வீடு இல்லை. நிலவறையில் நின்றுகொண்டு வீடு முழுக்கச் சூடான காற்றை ஊதிக்கொண்டிருக்கும் அந்த இரும்புப் பெட்டி ஜனவரியில் நின்றுபோனால், தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும், அடுத்து நாமும் உறைவோம். அப்படியானால் அதைப் பழுது பார்க்கிறவனை நாலு இடம் விசாரித்துத்தான் வைத்துக்கொள்வோம் என்று நினைப்பீர்கள். கிடையாது. அவன் நம் சர்ச்சா, நல்லவிதமாகப் பேசுகிறானா, அவ்வளவுதான் கணக்கு. வெண்டெல் எங்கள் சர்ச். எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவன். அவன் வந்து பார்த்துச் சொன்ன பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டு "நீயும் ஒரு தடவை பாரப்பா" என்றால், ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அது அவனைத் திருடன் என்று சொன்னதற்குச் சமம். எங்கள் ஆட்கள் வீட்டைக்கூடக் கொடுப்பார்கள், அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு அவன் ஒரு நாளும் கெடுதல் செய்ததில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. என் வீட்டு ஃபர்னஸ் முதன்முதலில் நின்றபோது, பெரிய கம்பெனிக்காரன் ஒருவன் வந்து முழுசையும் மாற்ற வேண்டும் என்றான். வெண்டெல் வந்து விரல் நீளத்துக்கு ஒரு சாமானை மாற்றினான், அது இன்றுவரை ஓடுகிறது. கூலி வாங்க மாட்டேன் என்றான். "நீங்க நம்ம சர்ச் ஆளு வெர்னா, உங்ககிட்ட வாங்குவேனா?" என்றான். அதன் பிறகு இலை உதிரும் காலம் வந்தால் தானாகவே வந்து துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவான். மான் வேட்டை முடிந்தால் ஒரு பெட்டி மான்கறி சாசேஜ். வடக்கே ஏரிப் பக்கம் அவனுக்கு ஒரு கேபின் உண்டு. பின்னாளில், அங்கே போய்விட்டு வந்தால் ஒரு பை மீனும். இப்படிப்பட்டவனை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா?

மார்லிஸிடமும் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் என் சிநேகிதி. வெள்ளிக்கிழமை காலையில் முதல் நாற்காலி அவளுக்கு, ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்த நேரத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அவள் கணவர் ஆர்விட் பள்ளியில் ஹாக்கி கோச்சாக இருந்தவர், இருதயம் நின்று போய்ச் சேர்ந்தார். அந்தக் குளிர்காலம் அவள் வீட்டு ஃபர்னஸ் விட்டு விட்டு எரிகிறது என்றாள். "ஏண்டி யோசிக்கிற, வெண்டெலைக் கூப்பிடு" என்று நானே அவள் எதிரில் போன் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டேன். "வந்தானா? நல்லா பண்ணானா?"

"வந்தாரு. புதுசா மாத்தியாச்சு. பரவால்ல."

அந்தப் "பரவால்ல" என் காதில் உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் பரவாயில்லைதான், வீடு எரிந்தாலும் பரவாயில்லைதான். நான் ரோலர் சுற்றுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் ஆர்விட்டின் மீன்பிடிப் படகு அவள் கொட்டகையில் இல்லை. வாய் சும்மா இருக்குமா எனக்கு? "ஏண்டி, அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள படகை வித்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன். "இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோழிக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு நிறையக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன். தட்டு சுத்தமாகக் கழுவித் திரும்பி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு குக்கிகூட வைக்காமல் தட்டைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அன்றைக்கு நான் பின்கதவில் நின்று அழுதேன். படகைப் பற்றிக் கேட்டதற்கு இவ்வளவு கோபமா என்று அவள்மேல் ஆத்திரமும் வந்தது.

வேறு சிலரும் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக ஒரு பார்லர் திறந்திருந்தார்கள், அதனால்தான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை முதல் நாற்காலியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் திரும்பி வந்து அதில் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு குளிர்காலம் போய், ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ஊரின் சூறைக்காற்று எச்சரிக்கைச் சைரன் ஊதியது. மாதம் பிறந்தால் முதல் புதன்கிழமை சோதனைக்காக ஊதுவார்கள், யாரும் தலைகூட நிமிர்த்த மாட்டோம். நாற்காலியில் இருந்த கஸ்டமர் பெவ்தான், பாதித் தலையில் ரோலரோடு, "இன்னிக்கு புதன்கிழமை இல்லையே வெர்னா" என்றாள். வெளியே பார்த்தேன். வானம் பாசி பிடித்த பச்சையாக இருந்தது. ஆலங்கட்டி கூரையில் விழத் தொடங்கியது. சூறைக்காற்று வருகிறது என்றால் யார் கடையாக இருந்தாலும் நிலவறைக்கு இறங்க வேண்டியதுதான். எதிரே தபால் ஆபீஸ் வாசலில் ஒருத்தி கைப்பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றாள். மார்லிஸ். கதவைத் திறந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவளும் கையை உதறவில்லை.

கீழே ஒரு பல்புதான். ஷாம்பூ டப்பாக்கள், பழைய டிரையர், மூலையில் ஃபர்னஸ். "உட்காரு மார்லிஸ்" என்று மடக்கு நாற்காலியை விரித்தேன். "வேணாம், நிக்கறேன்" என்றாள். "உட்காருடி." "பரவால்ல." அது சரி, எங்கள் ஆட்கள் இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதைக்கு, மூன்றாவது தடவை சொன்னால் உட்காருவார்கள். மூன்றாவது தடவையும் சொன்னேன். "வேணாம் வெர்னா" என்றாள். பெவ் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு ரேடியோவைத் திருகினாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மார்லிஸ் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக அந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் ஃபர்னஸைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கிட்டே போய் அதன் கதவில் கை வைத்தாள்.

அந்தக் கதவின் கைப்பிடி ஒரு ஹாக்கி வட்டு. பனித்தரையில் பையன்கள் அடித்துத் துரத்துகிறார்களே, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு. நடுவில் துளை போட்டு யாரோ திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். மார்லிஸ் வருவதை நிறுத்திய அதே குளிர்காலத்தின் கடைசியில் பார்லர் ஃபர்னஸ் பழுதானபோது, வெண்டெல்தான் இதைக் கொண்டுவந்து மாட்டினான். "ஒரு நல்ல வீட்டுலேர்ந்து வந்தது, அவங்க பெருசா மாத்திட்டாங்க, இது கல்லு மாதிரி ஓடும்" என்றான். ஓடவும் ஓடியது.

"இது வித்தியாசமா இருக்கே" என்றாள் மார்லிஸ்.

"அதுவா? எவனோ ஒரு ஹாக்கிப் பைத்தியம் பண்ணின வேலை. பாக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்."

"ஆர்விட்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"டீம் ஸ்டேட் போட்டிக்குப் போன வருஷம் கடைசி ஆட்டத்துல ஆடின வட்டு இது. பசங்க எல்லாம் சேந்து ஆர்விட்டுக்குக் குடுத்தாங்க. ஷோகேஸ்ல வெக்கலாம்னு நான் சொன்னேன். ஃபர்னஸ் கைப்பிடி உடைஞ்சு கெடந்துச்சு, போய் அதுல மாட்டிட்டு வந்தாரு. தினம் கை படற எடத்துல இருக்கட்டும்னாரு."

அவள் வீட்டு நிலவறை ஆர்விட்டின் பட்டறை. அங்கே நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவள் ஃபர்னஸை நான் எங்கே பார்த்தேன்?

"உன் ஃபர்னஸ் இங்க எப்படி வந்துச்சு?" என்றேன். கேட்டதும் எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

"அதை நீதான் சொல்லணும்" என்றாள். குரல் உயரவே இல்லை. "உள்ள இரும்புல விரிசல்னு சொன்னாரு வெண்டெல். வாசனையே இல்லாம விஷக் காத்து வரும், தூங்கினா எழுந்திரிக்க மாட்டீங்கன்னாரு. போன்ல படம் எடுத்துக் காட்டினாரு. அன்னிக்கே கேஸை மூடி, இனி இதை ஓட்டக் கூடாதுன்னு சிவப்புச் சீட்டு ஒட்டிட்டாரு. வெளிய அப்படி ஒரு குளிர். நான் என்ன பண்ணுவேன்? காயலான் கடைக்குப் போடறேன்னு தூக்கிட்டுப் போனாரு."

"படம்னா எது?" என்றாள் பெவ் ரேடியோவை விட்டுவிட்டு. "துரு பிடிச்சு, நடுவுல ஒரு கோடு மான் கொம்பு மாதிரி பிரிஞ்சு போகுமே, அதுவா?"

மார்லிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா."

"எனக்கும் அதான் காட்டினான். ஃபர்னஸையும் மாத்தி, அப்படியே ஏசியையும் மாத்திட்டான்."

இருவரும் ஒரே சர்ச், ஒரே தெரு. இவ்வளவு நாளும் ஒருத்தி இன்னொருத்தியிடம் வாயைத் திறக்கவில்லை.

"ஏண்டி, ரெண்டு பேரும் என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"உன்கிட்டயா?" என்றாள் மார்லிஸ்.

பெவ் ரோலர் ஒன்றைத் தொட்டுச் சரி செய்துகொண்டாள். "தப்பா எடுத்துக்காத வெர்னா. உனக்கும் அதுல பங்கு உண்டுன்னுதான் எல்லாரும் நெனச்சோம். கடை வாடகையும் ஏறிடுச்சு, பாவம் ஒண்டிக் கட்டை, அவளும் என்ன பண்ணுவான்னு நான் மனசுல வெச்சுக்கல. எனக்கு உன் கை பழகிடுச்சு, அதான் வந்துக்கிட்டே இருந்தேன்."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்தான்."

என்னை ஏமாற்றினவனை விடுங்கள். என்னைத் திருடி என்று முடிவு கட்டி, அதற்காக என்மேல் பரிதாபப்பட்டு, புன்னகையோடு வந்து தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்களே, அதை எங்கே போய்ச் சொல்வது? யாராவது ஒருத்தி வந்து கதவை அறைந்து, "உன்னாலதாண்டி நான் கெட்டேன்" என்று கத்தியிருந்தால், அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும்.

"மார்லிஸ், ஆண்டவர் மேல சத்தியமா எனக்குத் தெரியாது. இது உன் வீட்டுதுன்னு தெரிஞ்சா என் கடைல வெச்சிருப்பேனா?"

"நம்பறேன்" என்றாள்.

அதையும் "பரவால்ல" சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். உண்மையாக நம்பினாளா, மரியாதைக்குச் சொன்னாளா, கண்டுபிடிக்க வழியே இல்லை.

சூறை தெற்கே திரும்பிவிட்டது என்று ரேடியோ சொன்னது. மார்லிஸ் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள். கொடுத்தேன். வட்டைக் கழற்றி, தூசியைத் துடைத்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "கதவுக்கு வேற ஏதாவது போட்டுக்கோ" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

மறுநாள் வெண்டெலைக் கூப்பிட்டேன். ஏசி சரியாகக் குளிரவில்லை என்றேன், உடனே வந்துவிட்டான், அதே சிரிப்பு. நிலவறைக்கு அழைத்துப் போய்க் கைப்பிடி இல்லாத கதவைக் காட்டினேன்.

"வட்டை மார்லிஸ் எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. "அதுல ஒண்ணும் தப்பு இல்லை வெர்னா. உங்களுக்குச் சூடு வந்துச்சா இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதுல விரிசல் இருக்கா, இல்லையா? இருந்தா ரெண்டு வருஷமா எனக்கும் என் கஸ்டமருக்கும் விஷத்தை ஊதிக்கிட்டு இருந்திருக்க. இல்லன்னா அவளை மிரட்டிக் கொள்ளையடிச்சிருக்க. ரெண்டுல எது?"

அவன் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தான். "வயசானவங்க தனியா இருக்காங்க. பழசு எப்ப வேணா போகும். புதுசு போட்டா அவங்களுக்கும் நிம்மதிதானே?"

"எது வெண்டெல்?"

"நீங்க எனக்குக் குடுத்த அளவுக்கு யாரும் வேலை குடுத்ததில்லை. அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. உங்ககிட்ட ஒரு நாளாவது தப்பா நடந்துக்கிட்டேனா சொல்லுங்க" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை, மனதாரச் சொன்னான். அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அன்றைக்கு விரல் நீள சாமானை மாற்றிவிட்டுக் கூலி வேண்டாம் என்றானே, அன்றே என்னைத் தூண்டிலில் புழுவாகக் கோத்துவிட்டான். "போடா வெளிய" என்றேன். இந்த ஊரில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தைகள் இன்னும் சிலவும் சொன்னேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

ஃபர்னஸின் கதவைக் கழற்றிக் கடை ஜன்னலில் வைத்தேன். கீழே அட்டையில் எழுதினேன்: 'விரிசல் என்று சொல்லி மார்லிஸ் வீட்டிலிருந்து வெண்டெல் எடுத்துப்போன ஃபர்னஸ் என் கடையில் ஓடுகிறது. அவனை அனுப்பியவள் நான். உங்களுக்கும் அந்தப் படத்தைக் காட்டினானா? உள்ளே வாருங்கள்.' தெருவில் போனவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். இருந்த கஸ்டமர்களும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. முன் பெஞ்சிலிருந்து வெண்டெல் திரும்பி எனக்குக் கையை நீட்டினான். "சமாதானம் உண்டாகட்டும் வெர்னா." நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் கை அந்தரத்தில் நின்றது. பின்னால் பேச்சு அடங்கியது. பக்கத்தில் இருந்த ஒருவர், பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் கையைத் தான் பிடித்துக் குலுக்கினார். ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும் நேரத்தில் என் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. திருடினவன் கேக் தின்றுகொண்டிருந்தான், மரியாதை தெரியாதவள் நான். மார்லிஸ் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். கிட்டே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து விளக்கைப் போட்டபோது அவள் வாசலில் நின்றாள்.

முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியைக் கழுத்தில் சுற்றினேன். காபி வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டேன், வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை, "அரைக் கப் குடு" என்றாள். கப் நிறையவே ஊற்றிக் கொடுத்தேன். தலையை நனைத்துச் சீவினேன். யாரோ பின்கழுத்தில் கோணலாக வெட்டியிருந்தார்கள்.

கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லு வெர்னா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவன் உனக்கு என்ன குடுப்பான்?"

அப்படியானால் அன்றைக்கு நம்பவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். கோபம் வர வேண்டும், வரவில்லை.

"குளிர் வர்றதுக்கு முன்னாடி ஃபர்னஸைச் சும்மா துடைச்சுக் குடுப்பான். மான் வேட்டை முடிஞ்சா ஒரு பெட்டி சாசேஜ்."

"வேற?"

"கேபினுக்குப் போயிட்டு வந்தா ஒரு பை மீன். வேற ஒண்ணும் இல்ல மார்லிஸ். அவ்வளவுதான்."

அவள் காபியை எடுத்துக் குடித்துவிட்டு வைத்தாள்.

"மீன் எப்ப குடுத்தான்?"

"போன கோடைல. அதுக்கு முந்தின கோடைலயும்."

"அந்தப் படகை யார் வாங்கினாங்கன்னு நீ என்னைக் கேக்கவே இல்லையே" என்றாள். "ஃபர்னஸுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. கொட்டகைல படகு இருக்கே, அதை எடுத்துக்கறேன்னான். வண்டில கட்டி கேபினுக்கு இழுத்துட்டுப் போயிட்டான்."

அந்த மீனை நான் வெண்ணெயில் பொரித்து, பெவ்வுக்குக்கூட ஒரு தட்டுக் கொடுத்து, வெண்டெலைப் போல உண்டா என்று பேசிப் பேசித் தின்றிருக்கிறேன்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

மரியாதைக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு வருஷப் பழக்கம், வாயில் வந்தும்விட்டது. விழுங்கினேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துணியின் ஓரத்தால் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்து பின்கழுத்தைக் காட்டினாள்.

"கோணலா வெட்டி வெச்சிருக்கா பாருடி. சரி பண்ணு."